பெயர் கேட்காத பெட்டி

இன்று காலை சார் ஒரு கணினி இதழைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அதோடு இலவசமாக வந்த வட்டின் உறையைப் பிரித்ததும் அந்த மணம் வந்தது. புது ரெயின்கோட்டை மண்ணெண்ணெயில் துடைத்த மாதிரி என்று நீ சொல்வாயே, அதே மணம். எந்த வட்டு வந்தாலும் நீ முதலில் மூக்கருகே கொண்டுபோவாய். பிறகுதான் கணினிக்குள் போடுவாய். இன்று நானும் முகர்ந்து பார்த்தேன்.

வட்டுக்குள் பி.எச்.பி. என்று ஒன்று இருக்கிறது. ஆட்கள் எழுதி அனுப்புவதை வாங்கி வைத்துக்கொள்ளும் இணையப் பக்கங்களைச் செய்ய இன்னொரு வழி. நமக்குத் தெரிந்த இரண்டு வழிகளோடு இது மூன்றாவது. ஆறு கடலில் சேரும் பூவார் பொழிமுகத்தில் படகும் குடிலும் நடத்துகிற ஒருவர், வெளிநாட்டுக்காரர்கள் இடம் பிடித்து வைக்க ஒரு பக்கம் கேட்டிருக்கிறார். "பழைய ஏ.எஸ்.பி. போருமா, பெர்லா, இல்ல இந்தப் புது சாதனமா? பாத்துச் சொல்லு பிள்ளே" என்று சொல்லிவிட்டு சார் அடுத்த அறையில் வகுப்பெடுக்கப் போய்விட்டார்.

இந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்பது இதுதான் முதல் முறை. முன்பு உன்னிடம் கேட்பார். நீ என்னைத் திரும்பிப் பார்ப்பாய். நான் உன் காதில் சொல்வேன். நீ அதை உரக்கச் சொல்லிவிட்டு, உனக்குத் தோன்றியதையும் சேர்த்துச் சொல்வாய். அநேகமாக அது நான் சொன்னதற்கு நேர் எதிராக இருக்கும்.

வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொன்னால் குரல் வராது என்பதால் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். பாறசாலையில் கம்ப்யூட்டர் சென்டரில் தமிழிலும் மலையாளத்திலும் கல்யாணக் குறி எனும் அழைப்பிதழ்களைத் தட்டச்சு செய்ய ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பேச வேண்டியிருக்காது என்ற தைரியத்தில்தான் என் ஊரான கொல்லயிலிலிருந்து நடந்து வந்து சேர்ந்தேன். நீ ப்ரீடிகிரி முடித்துவிட்டுப் பூவாரிலிருந்து பஸ்ஸில் வந்தாய். மாடிப்படி ஏறி வந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாய். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டது என்று, ஏதோ பக்கத்து வீட்டு விஷயம் போல, அன்றைக்கே என்னிடம் சொன்னாய். நான் ஒன்றும் பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டேன். "இந்தப் பிள்ளைக்கு நாக்கு உண்டா சார்?" என்று கேட்டாய். எனக்குக் கோபம் வந்தது. சாயங்காலத்துக்குள் போய்விட்டது.

திருநாள் வேலையைக் கொண்டுவந்தது நீதான். உங்கள் தேவாலயத்தில் திருநாளுக்கு முந்திய ஒன்பது நாள் நவநாளில், ஒவ்வொரு சாயங்காலமும் உபதேசியார் வேண்டுதல்களை வாசிப்பார். இன்னார், இன்ன வீடு, இன்னதற்காக என்று. கடற்கரையில் பாதி ஆண்பிள்ளைகள் வளைகுடாவில் இருப்பதால், அங்கிருந்தே அவர்கள் வேண்டுதல் எழுதி அனுப்ப ஓர் இணையப் பக்கம் வேண்டும் என்று உங்கள் பங்குச் சாமியாரான அச்சன் கேட்டார். சார் அதை நம் இருவரிடமும் விட்டார்.

அந்தப் பக்கம் உனக்கு எதற்கு வேண்டியிருந்தது என்பதை, சாயை குடிக்கப் போனபோது எனக்கு மட்டும் சொன்னாய். உன் அண்ணன் சேவியர் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தவர். அச்சனாகி வருவார் என்று கரையே எதிர்பார்த்திருந்தது. பாதியில் வெளியே வந்தவர் வீட்டுக்கு வரவில்லை. வெட்கத்தில், ஒரு கூட்டுக்காரன் மூலம் விசா வாங்கி நேரே வளைகுடாவுக்குப் போய்விட்டார். அதன் பிறகு கடிதம் இல்லை, போன் இல்லை. உன் அம்மைக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: பிள்ளை உயிரோடு இருக்கிறானா. "அவன் கடுதாசி எழுத மாட்டான் மக்கா. எழுதினா விலாசம் எழுதணும். ஆராவது ஒரு காலிப் பெட்டியை முன்னால வச்சா எழுதுவான்" என்றாய்.

எனக்கு அப்போது உன் அண்ணனைவிட அந்த இரண்டு வழிகள்தான் மனதை நிறைத்திருந்தன. சாருக்குப் பிடித்தது ஏ.எஸ்.பி. அது அலமாரி மாதிரி. பெயருக்கு ஒரு தட்டு, வீட்டுப் பெயருக்கு ஒரு தட்டு, வேண்டுதலுக்கு ஒரு தட்டு என்று அடுக்கி வைக்கலாம். எதை வேண்டுமானாலும் நொடியில் தேடி எடுக்கலாம். பெர்ல் அப்படியில்லை. டாலர் குறியும் சாய்வுக் கோடுமாக, பார்த்தால் கோழி கிளறிய மண் போல இருக்கும். அதில் நாம் எழுதத் தெரிந்துகொண்டதெல்லாம் ஒரே ஒரு காரியம்: வந்ததைக் கோப்பின் கடைசியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பலசரக்குக் கடையில் சீட்டைக் குத்தி வைக்கும் கம்பி மாதிரி, வரவர மேலே ஏறும்.

நான் அலமாரிப் பக்கம். நீ கம்பிப் பக்கம். "அழகா இருக்குண்ணு சொல்லி அலமாரியைத் தூக்கிக் கடப்புறத்துக்குக் கொண்டுபோவியா?" என்று கேட்டாய். கடைசியில் சார் சொன்னபடி அலமாரியே ஜெயித்தது. மின்னஞ்சல் முகவரி கட்டாயம் வேண்டும் என்றும் சார் சொன்னார். அதற்கு மட்டும் நீ ஒத்துக்கொள்ளவே இல்லை. முகவரி கேட்டால் பாதிப் பேர் பயந்து ஓடிவிடுவார்கள் என்று வாதாடி அதை எடுக்க வைத்தாய். பெயரும் வீட்டுப் பெயரும் மிஞ்சின.

அங்கேதான் நாம் இருவருமாகச் சேர்ந்து ஒரு காரியம் செய்தோம். வளைகுடாவில் லைன் மெதுவாக இருந்தால் ஆட்கள் பொத்தானை இரண்டு மூன்று தடவை அழுத்துவார்கள், ஒரே பெயரை உபதேசியார் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டிவரும் என்று யோசித்தோம். அதனால் ஒரே பெயரும் ஒரே வீட்டுப் பெயரும் மறுபடி வந்தால், பழையதை அழித்துவிட்டுப் புதியதை அங்கே வைக்கும்படி எழுதினோம். நான் எழுதினேன், நீ சோதித்தாய். உன் பெயரை நீயே பலமுறை அனுப்பி, ஒன்றுதான் நிற்கிறது என்று கைதட்டினாய். எங்கள் கொல்லயில் பக்கம் ஒரு வீட்டுப் பெயரைச் சொன்னால் அது ஒரே ஒரு வீடுதான். நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

நவநாள் தொடங்கியது. தினமும் மத்தியானம் வந்தவற்றை அச்செடுத்து நீ பஸ்ஸில் கொண்டுபோவாய். ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். நான் ஒரு தேவாலயத்துக்குள் போனது அன்றுதான் முதல் தடவை. பெண்கள் பக்கம், உனக்கும் உன் அம்மைக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தேன். உன் அம்மை என் கையில் இருந்த மையைப் பார்த்துவிட்டு, தன் முந்தானையால் துடைத்தாள்.

உபதேசியார் வாசித்தார். "சேவியர், புதுவல் புரையிடம். அம்மையின் சுகத்துக்காக."

உன் அம்மை என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான். ஆனால் நமக்கு முன்னால் இருந்த ஒரு பெண் முக்காட்டைக் கடித்துக்கொண்டு விம்மினாள். தூணருகே இன்னொருத்தி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். கடைசி வரிசையில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

வெளியே வந்ததும் முற்றத்தில் சண்டை தொடங்கியது.

"அது எனக்க மவனாக்கும்."

"ஒனக்க மவன் எப்பம் அம்மைக்க சுகத்தைக் கேட்டான்? அவனுக்குப் பெண்டாட்டிக்க சுகமே போதும்."

"எனக்கு முட்டுவேதனைண்ணு அவனுக்குத் தெரியும். வேற எந்தச் சேவியருக்குத் தெரியும்?"

"முட்டுவேதனைண்ணு வாசிச்சாரா? உபதேசியாரு சொந்த வாயால சொல்லட்டு."

உன் அம்மை சண்டைக்குப் போகவில்லை. மணலில் செருப்பைத் தேடிக்கொண்டே, யாரிடமும் சொல்லாமல், "சத்தத்தை வச்சே எனக்குத் தெரிஞ்சு" என்றாள். வாசித்தது உபதேசியார் சத்தம் என்று அவளிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

நீ என்னைத் தேவாலயத்தின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாய். உன் முகம் வெளுத்திருந்தது. அப்புறம் உனக்குச் சிரிப்பு வந்தது. மூச்சு முட்டும் வரை சிரித்தாய். "மக்கா, நம்ம ஒரு கோட்டிப் பணி செய்தாச்சு. இந்தக் கரையில பாதி வீடு புதுவல் புரையிடமாக்கும்."

கடல் பின்வாங்கிய புதிய மண்ணில் வீடு கட்டியவர்களுக்கெல்லாம் அந்தப் பெயர்தான் விழுந்திருக்கிறது. இத்தனை காலம் அந்தக் கரையில் வாழ்ந்தும் உனக்கே அது ஏன் தோன்றவில்லை என்று கேட்டேன். வீட்டுப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் கிடக்கும், யாரும் அதைச் சொல்லி விளிப்பதில்லை என்றாய். தபால்காரர்கூட, நெட்டை சேவியர், சோடாக்கடை சேவியர் என்று வட்டப் பெயரைக் கேட்டுத்தான் கடிதம் கொடுப்பாராம். வீட்டுப் பெயர் போதும் என்று நீயும் நம்பியது அச்சில் பார்த்ததால். அச்சில் பார்த்தால் எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும் போலிருக்கிறது.

அந்த ஊரில் எத்தனை சேவியர்கள் எழுதினார்களோ, அத்தனை பேரையும் நம் அலமாரி ஒரே ஆளாக்கிக் கடைசியாக வந்தவரை மட்டும் வைத்திருந்தது. குற்றம் ஏ.எஸ்.பி.யின் மேல் இல்லை. ஓர் ஆளை இன்னோர் ஆளிடமிருந்து எதை வைத்துப் பிரிக்க வேண்டும் என்று அது கேட்டது, நாம் சொன்னோம், அது அப்படியே செய்தது. அன்றைக்கு எனக்குப் பயத்தைவிட வியப்புதான் அதிகமாக இருந்தது. எந்த வழி வேகமானது, எது அழகானது என்று இத்தனை நாளும் பார்த்திருந்தேன். எந்த வழி ஆளைத் தொலைக்காது என்று பார்க்கலாம் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் சார், ஊர் முழுக்க நாணக்கேடு ஆக்கிவிட்டீர்கள் என்று கொஞ்ச நேரம் கத்தினார். பிறகு நவநாள் நடந்துகொண்டிருக்கும்போதே வழியை மாற்ற ஒத்துக்கொண்டார். நாம் பெர்லுக்குப் போனோம். சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் நீ வாசித்துச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனதற்கு அது காட்டிய கோபத்தைப் பார்த்து, இது உங்கள் உபதேசியாரைவிடக் கண்டிப்பு என்றாய். பெயரை எடுத்தோம், வீட்டுப் பெயரை எடுத்தோம். ஒரே ஒரு பெட்டி. எதையும் எழுதலாம், எதையும் எழுதாமலும் இருக்கலாம். மேலே, சேவியர் என்று பெயருள்ள எல்லாரும் தயவுசெய்து இன்னொரு தடவை எழுதவும் என்று போட்டோம்.

எழுதினார்கள். நெட்டை சேவியர் எழுதினார். சோடாக்கடை சேவியர், என்னைக் கர்த்தர் மறந்தாலும் கம்ப்யூட்டர் மறக்கலாமா என்று கேட்டு எழுதினார். முட்டுவேதனை அம்மையின் சேவியரும் எழுதினார். உன் அண்ணன் எழுதவில்லை.

திருநாள் முடிந்து கொடி இறங்கிய அன்று, உன்னிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நான் விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னாய்: "அழிஞ்சு போனதுல ஒண்ணு அவனுக்கதா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அம்மைக்கு அந்த உறுதி உண்டு, எனக்கு இல்ல. பெட்டியை எடுக்காத. கிடக்கட்டு." திருநாள் முடிந்த பிறகு பக்கம் எதற்கு என்று சார் கேட்டபோதெல்லாம் நீ ஒவ்வொரு காரணம் சொல்லித் தள்ளிப்போட்டாய்.

மழைக்காலத்தில் உனக்கு மாடிப்படி ஏற முடியாமல் போயிற்று. பிறகு ஆஸ்பத்திரி. நான் பார்க்க வந்தபோது, மூக்கில் குழாயோடு, பெட்டியில் ஏதாவது வந்ததா என்று கண்ணாலேயே கேட்டாய். இல்லை என்று தலையாட்டினேன். ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். நீ திரும்பி வரவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

உன் நாற்காலியில் இப்போது பிரிண்டர் காகிதக் கட்டுகள் இருக்கின்றன. ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கம்போலக் கோப்பைத் திறந்து பார்த்தேன். வளைகுடாவில் அன்று விடுமுறை. கடைசியில் புதிதாக ஒன்று ஏறியிருந்தது. பெயர் இல்லை. ஆங்கில எழுத்துகளில் தமிழ். அம்மை சுகமாக இருக்கிறாளா, நான் செபம் சொல்வதை விடவில்லை என்று யாராவது சொல்லுங்கள், தங்கச்சிக்குப் படி ஏறினால் இப்போதும் மூச்சு இளைக்கிறதா.

எனக்கு உடனே உன் அம்மையிடம் ஓட வேண்டும் போல இருந்தது. ஆனால் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பினேன். வேறு யாராவது ஒருவரின் மகனை அவளிடம் மறுபடியும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால்? பதில் எழுதிக் கேட்கவும் முடியாது. முகவரி கேட்கக் கூடாது என்று சொன்னவள் நீ. முகவரி கேட்டிருந்தால் அவர் எழுதியிருக்கவே மாட்டார். கேட்காததால் அவரிடம் ஒன்றும் சொல்ல வழியில்லை. எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒரு கதவு அடைபட்டுத்தான் போகும் என்பதை எந்தப் புத்தகத்திலும் நான் வாசித்ததில்லை. உன்னோடு அதைப் பேச வேண்டும் என்று எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா?

கடைசியில் பக்கத்தின் மேலேயே எழுதினேன்: தங்கையைப் பற்றிக் கேட்டவர் வெள்ளிக்கிழமை இந்த எண்ணுக்கு அழைக்கவும். நமக்கு இருப்பது ஒரே லைன். அதனால் அன்று முழுக்க மோடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, போனுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

கடற்கரையில் தங்கை இல்லாத ஆண்பிள்ளை யார்? காலையிலிருந்து மணி அடித்தது. முதலில் பேசியவர், எடுத்ததுமே, "எனக்க தங்கச்சி ஆரு கூடயாவது போயிட்டாளா? உள்ளதைச் சொல்லு" என்றார். அடுத்தவர் நெட்டை சேவியர். தனக்கு ஒரு தங்கை இருப்பதே நம் பக்கத்தைப் பார்த்துத்தான் ஞாபகம் வந்தது என்றார். எல்லாரிடமும் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். வீட்டுப் பெயரைக் கேட்கவில்லை. உங்கள் தங்கையின் பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை, சுகமாக இருக்கிறாள் என்று சொல்லி வைத்தேன். அவர்களுடைய தங்கைகள் யாரென்றே எனக்குத் தெரியாது.

மத்தியானத்துக்கு மேல் ஒருவர் அழைத்தார். நான் அதே கேள்வியைக் கேட்டேன். அவர் உன் பெயரைச் சொன்னார். ஞானஸ்நானப் பெயரை அல்ல; வீட்டில் விளிக்கிற, நீ எனக்கு மட்டும் சொல்லியிருந்த அந்தப் பெயரை.

நான் அம்மை காத்திருப்பதைச் சொன்னேன். பக்கத்து வீட்டு போன் எண்ணைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். நான் யார் என்று கேட்டார். உன்னோடு வேலை பார்த்தவள் என்றேன்.

"அவ அங்கயா வேலை பாக்கா?" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். "போனை அவளிட்ட குடு பிள்ளே. ஒரு வார்த்தை பேசிட்டு வைக்கேன்."

அதை அம்மை சொல்லட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு உனக்காகக் காத்திருந்தார். நான் சொன்னேன். "அவ இல்ல அண்ணா. மழைக்காலத்துல தவறிப்போயிட்டா." என் குரல் நடுங்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

லைன் இரைந்துகொண்டே இருந்தது. வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"எழுத ஒரு எடம் கெடைச்சுதுண்ணு நெனச்சேன்" என்றார். "பேரு கேக்காத்த எடம். அதை ஆரு செய்தது?"

"அவளாக்கும்."

இப்போது ஞாயிறுதோறும் அவர் அம்மையோடு பேசுகிறார். அன்றைக்கு வாசித்த வேண்டுதல் அவருடையதா என்று நான் இதுவரை கேட்கவில்லை. கேட்க ஆசை உண்டு. ஆனால் உன் அம்மை அதை எனக்கு முன்பே தெரிந்துவைத்திருக்கிறாள். நீ இருந்தால் கேட்டிருப்பாயா என்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அண்ணன் அம்மையோடு பேசத் தொடங்கிய பிறகும் வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பெட்டிக்குள் ஏதாவது வருகிறது. முதல் வார்த்தை உன் பெயராக இருந்தால், அதற்கு மேல் நான் வாசிப்பதில்லை. கோப்பு ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடுகிறேன். போன வாரத்தது அப்படியே இருக்கிறது. அதன் கீழே இந்த வாரத்தது வந்து சேர்ந்திருக்கிறது.